கண்காணி யார்? கணக்கு யார் கையில்?



கண்காணி என்னும் சொல் நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. கோயிற் பண்டாரத்தையும் ஊர்க் கொடையையும் ஒருவர் கையாளும்போது, உடனிருந்து வரவு செலவைப் பார்ப்பவனைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கண்காணி என்று குறித்தன. பொதுப்பொருளுக்குக் கண்ணாய் நின்றவன் அவன். பொருளைக் கையாளுபவன் மேல் இருக்க வேண்டிய கண் அவனுடைய கண்.

அச்சொல்லுக்கு வெள்ளையன் ஆட்சியில் நேர்ந்த இழிவை எண்ணிப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கொட்டைவடிநீர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் மலையா இரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் ஏழை மக்கள் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். ஆள் பிடித்து அழைத்துச் சென்று, கடனில் கட்டிப்போட்டு, தோட்டத்தில் தலைக்கு மேல் நின்று வேலை வாங்கியவனுக்குக் கண்காணி என்று பெயராயிற்று. பொருளைக் கையாளுபவனைப் பார்த்த கண், உழைப்பவனின் முதுகைப் பார்க்கும் கண்ணாக மாறியது. துரையின் கணக்கை எவனும் பார்க்கவில்லை. கூலியின் முதுகை எல்லாரும் பார்த்தனர்.

துரை போனான், தோட்டக் கண்காணி முறை போகவில்லை. இன்று நம் ஊர்களில் பொதுப்பணத்தால் நடக்கும் தெருப்பணி, கழிவுநீர்க் கால்வாய், குளந்தூர்ப்பு, குடிநீர்த் தொட்டி, வீட்டுத் திட்டம் ஆகிய அனைத்திலும் கண்காணிப்பு என்ற பெயரால் நடப்பது அத் தோட்டமுறையே. இதனை மெய்ப்பிக்கவே இக்கட்டுரை.

நூறுநாள் வேலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என்ன சொன்னது? ஊராட்சி எல்லைக்குள் நடக்கும் பணிகளை ஊரவை கண்காணிக்க வேண்டும்; ஊரவையே ஒழுங்காகக் குமுகத் தணிக்கை நடத்த வேண்டும்; வருகைப் பட்டியல், செலவுச் சீட்டு, அளவுப் புத்தகம், இசைவாணையின் படி ஆகிய அனைத்தையும் ஊராட்சி அதன் முன் வைக்க வேண்டும் என்று சொன்னது. 2011-இல் வந்த தணிக்கை விதிகள் ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் இது நடக்க வேண்டும் என்றன. தில்லி இயற்றிய சட்டங்களுள் ஊர்மக்களைக் கண்காணியாக ஏற்றுக்கொண்டது இது. நல்லதை நல்லதென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

நடந்தது என்ன? ஊரவையின் கண்ணைத் திறக்க வேண்டியவர்கள் கைப்பேசியின் கண்ணைத் திறந்தனர். 2021-இல் ஒரு செயலியைக் கொண்டுவந்தனர். 2023 சனவரி முதல் அதனைக் கட்டாயமாக்கினர். வேலைக்கு வந்த பெண்களை நாளுக்கு இருமுறை வரிசையில் நிறுத்திப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கு இடர். அலைவரிசை கிட்டாத சிற்றூரில் மண்வெட்டியோடு மேட்டிலும் பள்ளத்திலும் அலைந்தவர்கள் நம் தாய்மார்கள். இவ்வளவும் எதற்கு? ஊழலைத் தடுப்பதற்காம்! தடுத்ததா? தொடர்பில்லாத படங்களும், படத்தைப் படம்பிடித்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று 2025 சூலையில் நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விடுத்தது. தோட்டக் கண்காணியின் கையில் பிரம்புக்கு மாறாகக் கைப்பேசி வந்தது, அவ்வளவே. முதுகைப் படம்பிடித்தவர்கள், செலவுச் சீட்டைப் படம்பிடித்து ஊர் நடுவில் ஒட்டினார்களா? அளவுப் புத்தகத்தின் பக்கத்தைப் படம்பிடித்து மக்களுக்குக் காட்டினார்களா?

2025 திசம்பரில் அச்சட்டத்தையே அகற்றிவிட்டு, வாயில் நுழையாத இந்திப் பெயரோடு வேறொரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினர். கூலிச்செலவு முழுவதையும் நடுவணரசே ஏற்ற பழைய முறை போய், செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலத்தின் தலையில் ஏற்றினர். பணத்தில் பங்கு நமக்கு. பெயர் சூட்டும் உரிமை அவர்களுக்கு! சுவச் பாரத் என்றும், சல் சீவன் என்றும், கிராமின் ஆவாசு யோசனா என்றும் நம் ஊர்ச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் பெயர்களைப் படித்துப் பொருள் சொல்லக் கூடியவர் ஊருக்கு எத்தனை பேர்? பெயரே புரியாத திட்டத்தின் கணக்கை எவன் கேட்பான்? புரியாத பெயர் என்பது திட்டத்துக்குப் போட்ட முதற்பூட்டு.

ஆனால், அன்பர்களே, தில்லியை மட்டும் சாடிவிட்டு இருந்தால் நாம் பாதி உண்மையே பேசியவர்களாவோம். இரண்டாவது பூட்டு நம் வீட்டிலேயே செய்தது.

1956-இல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. அன்றிலிருந்து தமிழே இந்நாட்டின் ஆட்சிமொழி. அலுவலகப் பெயர்ப்பலகை தமிழாயிற்று, முத்திரை தமிழாயிற்று, மடலின் தலைப்பும் அடியும் தமிழாயின. ஆனால் பணம் நடமாடும் தாள் எந்த மொழியில் இருக்கின்றது? ஊராட்சி ஒன்றியப் பொறியியற் பிரிவுக்குச் சென்று, உங்கள் தெருவுக்குப் போட்ட கற்காரைச் சாலையின் மதிப்பீட்டைக் கேட்டுப் பாருங்கள். 'எசுட்டிமேட்டு' என்பார்கள், விலைவிகிதப் பட்டியல், தொழில்நுட்ப இசைவு, அளவுப் புத்தகம், நிறைவுச் சான்று என நீளும் தாள்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கிடக்கும். வாழ்த்துமடல் தமிழில்; கணக்கு ஆங்கிலத்தில். விழா தமிழில், விலை ஆங்கிலத்தில். அடிக்கல்லில் அமைச்சர் பெயர் தமிழில். அக்கல்லுக்குக் கீழே எத்தனை மூட்டைச் சிமிட்டி போயிற்று என்பது ஆங்கிலத்தில்!

யான் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்கின்றேன். ஒரு மே நாள் ஊரவைக் கூட்டம். ஊரின் பெயர் வேண்டா. எல்லா ஊரும் அவ்வூரே. முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "எங்க தெருக் கால்வாய்க்கு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவாச்சுங்கய்யா?" என்று கேட்டார். அவருக்கு விடையாக ஒருவர் ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் மளமளவென்று படித்தார். கன மீட்டர், சதுர மீட்டர், விழுக்காடு எனச் சொற்கள் பறந்தன. அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சது சரிங்கய்யா. அதை இப்பத் தமிழ்ல சொல்லுங்க" என்றார். அவை சிரித்தது. படித்தவரும் சிரித்தார். தாள் மடிக்கப்பட்டது, அடுத்த பொருளுக்குப் போயினர். கேட்டவர் அறியாதவர் என்று அவை சிரித்தது. உண்மையில் அன்று அவ்வவையிலே சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே. அருகில் அமர்ந்திருந்தும், எழுந்து அவருக்குத் துணை நில்லாத இத் தமிழாசிரியனுக்கு அன்று வந்த நாணம் இன்னும் போகவில்லை. இக்கட்டுரை அந்த நாணத்திற் பிறந்ததே.

"இவையெல்லாம் தொழில்நுட்பச் செய்திகள், எளிய மக்களுக்கு விளங்கா, தமிழில் சொல்லவும் இயலா" என்பார்கள். பள்ளியில் முப்பதாண்டு பாடம் சொன்னவன் என்ற முறையில் இப் பொய்யை உடைக்கின்றேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் பருமன். எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழிலே கற்கும் பாடம் இது. ஒரு கற்காரைத் தெரு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். பருமன் 45 கன மீட்டர். தெருவின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் கனம் 10 செ.மீ. மட்டுமே இருக்கின்றது எனின், போட்டது 30 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கைக் காணோம்! இதனைக் கண்டுபிடிக்கப் பொறியியற் பட்டம் வேண்டா. ஓர் அளவு நாடாவும், 'கணக்கில் எழுதியிருப்பது 15 செ.மீ.' என்று தெரிவிக்கும் ஒரு தமிழ்த்தாளும் போதும். அளவு நாடா கடையில் கிடைக்கும். அந்தத் தாள்தான் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பது இப்போது விளங்குகின்றதா? ஆங்கிலம் இங்கே அறிவின் மொழியாக நிற்கவில்லை. திருட்டின் திரைச்சீலையாக நிற்கின்றது.

தமிழில் கணக்கெழுத இயலாது என்று சொல்பவர் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூருக்குச் செல்க. அங்கே பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலை வழியே ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. வாரியத்தின் காலம் 360 நாள். இவ்வளவும் எல்லாரும் சொல்வர். 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது தலைமை அமைச்சரும் உத்திரமேரூரைப் புகழ்ந்தார். அவர்கள் அழுத்திச் சொல்லாத பகுதியை யான் சொல்கின்றேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலையில் பெயர் இடப்பெறான். அவன் மட்டுமல்லன், அவனுடைய நெருங்கிய உறவினரின் நீண்ட பட்டியலைச் சொல்லி, அவர்களும் இடப்பெறார் என்று அக்கல் கூறுகின்றது. நேர்மையாய்ப் பொருள் ஈட்டியவனே ஊர்க் கணக்கு எழுத வேண்டும். எழுதியவன் தன் காலத்துக் கணக்கைத் தானே அவையின் முன் காட்டி, நேரியவன் எனப் பெற்ற பின்னரே மறுபடியும் அப்பணிக்கு வரலாம். அவன் கணக்கை வேறொருவன் புகுந்து முடித்தலும் கூடாது.

இன்றைய நிலையோடு ஒப்பிடுங்கள். மதிப்பீடு போடுபவரும், வேலையை மேற்பார்ப்பவரும், அளந்து எழுதுபவரும், நிறைவுச் சான்றுக்கு வழிசெய்பவரும் ஒரே அலுவலகத்தார். செய்தவரே செய்ததற்கு மதிப்பெண் இடுகின்றார். தேர்வெழுதிய மாணாக்கனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் பள்ளி எங்கேனும் உண்டா? அந்தப் பள்ளியைத்தான் இவர்கள் 'வளர்ச்சித் துறை' என்கின்றார்கள்.

உத்திரமேரூரை யான் கண்மூடிப் போற்றவில்லை. அது பார்ப்பனர்க்குக் கொடையாய் விடப்பட்ட ஊர். வேதப் பயிற்சியும் நிலவுடைமையும் இருந்தவனுக்கே அவ்வவையில் இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. குடவோலை முறையோ அவ்வூரார் கண்டுபிடித்ததன்று; அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே அதன் குறிப்பு உள்ளது. ஆகவே, முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை உடைப்போம். நிலமுள்ளவர்க்கு மட்டும் உரியதாய் இருந்த கணக்குக் கேட்கும் உரிமை, இன்று அந்த முதிய அம்மையார்க்கு உரியது.

வள்ளுவப் பேராசான் பொருட்பாலில் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். தக்கவனிடம் வினையை ஒப்படைத்துவிட்டால் போதும் என்று அவர் முடிக்கவில்லை. வினை செய்பவனை நாள்தோறும் ஆராய வேண்டும். அவன் கோணாதிருந்தால் உலகு கோணாது என்பதே அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து. நாள்தோறும் என்றார், திறப்பு விழா நாளில் மட்டும் என்று சொல்லவில்லை. வினை செய்பவனை என்றார்; கூலிக்கு மண் சுமப்பவளை என்று சொல்லவில்லை. அன்று ஆராய வேண்டியவன் மன்னன். மக்களாட்சியில் மன்னர் மக்களே அல்லரோ?

இதனைச் செய்து காட்டியவர்கள் இல்லாமலில்லை. இராசசுத்தானத்தில் 1990-இல் உழவரும் உழைப்பாளரும் ஓர் அமைப்பாயினர். 1994 திசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் பந்தலிட்டு, ஊராட்சியின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டையும் மக்கள் முன் உரக்கப் படித்தனர். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அவர்களே எழுந்து சொன்னார்கள். அறியும் உரிமைச் சட்டத்துக்கு அதுவே வித்து. வடவர் செய்தது என்று நாம் அதனை ஒதுக்க வேண்டா. அதிலுள்ள பாடத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கணக்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருந்தது. படித்த அளவிலே பொய் பிடிபட்டது. நம் கணக்கு நமக்கு விளங்கா மொழியில் இருக்கின்றது. பந்தலிட்டுப் படித்தாலும் அவை சிரித்துவிட்டுப் போகின்றது. தாய்மொழியில் கணக்கு என்பது மொழிப்பற்றாளரின் விருப்பம் மட்டுமன்று. களவைப் பிடிக்கும் கருவி.

"தமிழில் எழுதினால் மட்டும் பொய்க்கணக்கு மெய்க்கணக்கு ஆகிவிடுமா?" என்று ஒருவர் கேட்கலாம். ஆகாது. தமிழில் எழுதிய பொய்யும் பொய்யே. ஆனால் தமிழில் எழுதிய பொய்யை ஊரார் படிப்பர்; படித்தவர் கேட்பர்; கேட்டால் பொய் தடுமாறும். ஆங்கிலத்தில் எழுதிய பொய், எழுதியவன் ஓய்வூதியம் வாங்கும் வரை அலமாரியில் நன்றாக உறங்கும்.

இன்னொன்றும் உண்டு. ஊரவையே கண்காணி என்று சட்டம் சொன்னாலும், ஊராட்சிக்குத் தலைவரே இல்லாமல் ஆண்டுகள் கழிகின்றன. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் திட்டங்களின் நடப்பை ஆராயவும் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தரவும் ஊரவைக்கு உரிமை தந்தது. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தேர்தலின்றித் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2025 சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கைக்கு மாறின. கணக்குக் கேட்கப்பட வேண்டியவரே அவையையும் கூட்டினால், அவை யாரைக் கேட்கும்? தில்லி நம் உரிமையைப் பறிக்கின்றது என்று சென்னையில் முழங்குபவர்கள், சென்னை ஊரின் உரிமையைப் பறிக்கும்போது வாய்மூடுதல் முறையாகுமா? தன்னாட்சி என்பது தில்லியிலிருந்து சென்னை வரைக்கும் மட்டும் வந்து நின்றுவிடும் வண்டியன்று. அது ஊரவையின் ஆலமரத்தடி வரை வந்து சேர வேண்டும்.

இனி, நம்மவர்க்கு ஒரு சொல். கடைப் பெயர்ப்பலகை தமிழில் இல்லையென்று நாம் போராடுகின்றோம், அது கடமை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுகின்றோம், அது பெருமை. ஆனால் ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால் சினக்கும் நாம், உள்ளே கணக்கு முழுவதும் ஆங்கிலத்தில் கிடப்பதைக் கண்டு ஒருநாளாவது சினந்தோமா? ஆட்சிமொழி என்பது ஆட்சியின் வாயில் இருக்கும் மொழி மட்டுமன்று. ஆட்சியின் பணப்பையில் இருக்கும் மொழி. பணப்பையைத் திறக்காத தமிழ், வாழ்த்துப்பாவோடு நின்றுவிடும் தமிழ்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. ஊராட்சியில் பொதுப்பணத்தால் நடக்கும் ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீடும் அளவுப் புத்தகமும் செலவுச் சீட்டும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

2. பணியிடத்தில் வைக்கும் பலகையில் தலைவர்களின் படத்துக்கு மாறாக நீளம், அகலம், கனம், பயன்படுத்த வேண்டிய பொருள், தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், முடிக்க வேண்டிய நாள் ஆகியன தமிழில் இருக்க வேண்டும்.

3. பணி முடிந்தபின் ஊரவையில் கணக்கு உரக்கப் படிக்கப்பட வேண்டும். ஊரார் முன்னிலையில் அளந்து காட்டப்பட வேண்டும். அதன் பின்னரே இறுதித் தொகை தரப்பட வேண்டும்.

4. செய்தவரும் அளந்தவரும் மதிப்பிட்டவரும் ஒருவராக இருத்தல் கூடாது.

5. நடுவணரசின் பணத்தால் நடக்கும் திட்டமாயினும், தமிழ்நாட்டில் அதன் பெயரும் விதியும் படிவமும் தமிழிலேயே இருக்க வேண்டும்.

6. கட்டி முடித்த எண்ணிக்கையோடு மதிப்பீடு முடிதல் கூடாது. ஓராண்டு கழித்து, கழிப்பறையில் தண்ணீர் வருகின்றதா, தொட்டியில் நீர் ஏறுகின்றதா, கால்வாயில் நீர் ஓடுகின்றதா என்று ஊரவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இவை வரும்வரை கைகட்டி நிற்க வேண்டா. கையிலுள்ள கருவிகளைப் பயன்படுத்துக. அறியும் உரிமைக்கு 1997-இலேயே சட்டம் செய்த நாடு தமிழ்நாடு. 2005-ஆம் ஆண்டு அனைத்திந்தியச் சட்டமோ, தகவலைப் பரப்பும்போது அவ்வட்டார மொழியைக் கருத வேண்டும் என்று தன் 4-ஆம் பிரிவில் சொல்கின்றது. அதன்படி நீங்கள் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் 10 உருபா. விடைக்கு 30 நாள். பலர் அறியாத ஒன்று: அச்சட்டம் ஆவணத்தின் படியைப் பெறும் உரிமையோடு, நடக்கும் பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும், பயன்படுத்தும் பொருளின் சான்றுறுதி பெற்ற மாதிரியை எடுக்கும் உரிமையையும் தந்துள்ளது. மணலும் சிமிட்டியும் எந்த அளவில் கலந்தன என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊரவை கூடுவதாக ஏற்பாடு. அடுத்த கூட்டத்துக்கு ஊருக்கு ஐவர் செல்க. ஒருவர் கையில் அளவு நாடா, ஒருவர் கையில் எழுதுதாள், மூவர் துணைக்கு. ஊரின் ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்க. அதன் கணக்கைத் தமிழில் கேட்க. ஆங்கிலத்தில் படித்தால், "இதனைத் தமிழில் சொல்லுங்கள்" என்று எழுந்து நிற்க. அவை சிரித்தாலும் அமர வேண்டா. அன்று அந்த அம்மையார் தனியே நின்றார். அடுத்த முறை அவர் தனியே நின்றால், அந்நாணம் என் ஒருவனுடையதாய் இராது, நம் அனைவருடையதுமாகும்.

கண்காணி என்னும் சொல்லைத் தோட்டத்திலிருந்து மீட்போம். ஊர்ப்பொருளுக்கு ஊரே கண்காணி! ஊர்க்கணக்கு ஊர்மொழியில்!

வெல்க தமிழ்!